கணக்கைத் திறந்து வைக்கிற வாத்தியார்

பாடப்புத்தகம் எழுதும் பேராசிரியர்களுக்குப் பல்கலைக்கழக உலகில் பெரிய மரியாதை கிடையாது. ஆய்விதழில் கட்டுரை வந்தால்தான் பதவி உயர்வு, பெயர் எல்லாம். புத்தகம் எழுதுவது என்றால் 'நோட்ஸ் போடுகிற வேலை' என்று ஓர் இளக்காரம் எப்போதும் உண்டு. அஸ்வத் தாமோதரனைப் படிக்கும்போதெல்லாம் இந்த இளக்காரம் எவ்வளவு அபத்தமானது என்று தோன்றும்.

நம் ஊர் ஆள்தான். சென்னை லயோலாவில் பி.காம்., பெங்களூரு ஐஐஎம், அப்புறம் லாஸ் ஏஞ்சலீஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பெர்க்லியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்துவிட்டு 1986இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளிக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். ஆய்விதழ்களிலும் எழுதியவர்தான். ஆனால் உலகம் அவரை அறிந்தது ஒரு நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிடுவது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகங்களால்தான். அதில் பெரியது ஆயிரம் பக்கத்தை நெருங்கும். தலைக்கு வைத்துப் படுக்கலாம். ஆனாலும் உள்ளே நுழைந்தால் பயமில்லை. சூத்திரத்தை நீட்டுவதற்கு முன்னால், இது எதற்கு என்று சொல்லிவிடுவார். அப்புறம் ஒரு நிஜ கம்பெனியை எடுத்து, அதன் பேலன்ஸ் ஷீட்டோடு மல்லுக்கட்டுவார்.

எளிமையாக எழுதுகிறார் என்றுதான் எல்லோரும் புகழ்கிறார்கள். எளிமையாக எழுத வேறு பலரும் இருக்கிறார்கள். இவர் தன் கணக்கை அப்படியே மேஜைமேல் போட்டுவிடுவதுதான் விசேஷம். வகுப்புக் காணொளிகள், பாடக்குறிப்பு, பழைய வினாத்தாள், எக்செல் ஷீட் எல்லாமே இணையத்தில் இலவசம். ஒவ்வொரு ஜனவரியிலும் உலகம் முழுக்கப் பங்குச் சந்தையில் உள்ள 40,000க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் விவரங்களைத் தொழில்வாரியாகப் பிரித்துப் போடுகிறார். இதே மாதிரித் தரவுக்குக் காசு வாங்கும் நிறுவனங்கள் எத்தனையோ!

2014 ஊபர் சண்டை இதற்கு நல்ல உதாரணம். முதலீட்டாளர்கள் ஊபரை 1,700 கோடி டாலர் என்று மதிப்பிட்ட நேரம். தாமோதரன் கணக்குப் போட்டு 590 கோடிதான் என்றார். டாக்சிச் சந்தை 10,000 கோடி டாலர், அதில் ஊபருக்குப் பத்து சதவீதம் என்பது அவருடைய அனுமானம். ஊபரில் பணம் போட்டிருந்த பில் கர்லி சும்மா விடுவாரா? தாமோதரன் சந்தையின் அளவை 25 மடங்கு வரை குறைத்துக் கணக்குப் போட்டிருக்கலாம், சொந்தக் கார் வைத்திருப்பவர்கள்கூட ஊபருக்கு மாறுவார்கள் என்று வரிவரியாகப் பிரித்து எழுதினார். அப்படி அடிக்க முடிந்ததே அனுமானங்கள் எல்லாம் வெளியில் கிடந்ததால்தான். தாமோதரன் என்ன செய்தார்? கர்லி சொன்ன கதையையே தன் ஷீட்டில் போட்டுப் பார்த்தார். மதிப்பு பல மடங்கு எகிறியது. அதையும் வெளியிட்டார். மறு வருடம் புதிதாகக் கணக்கிட்டு 2,340 கோடிக்கு வந்தார். டாக்சி என்று குறுக்கிப் பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். நம் பேராசிரியர்களில் எத்தனை பேர் இதைச் செய்வார்கள் என்று கேட்டு வம்பை விலைக்கு வாங்க விரும்பவில்லை.

நம் ஊரில் அவர் பெயர் பெரிதாக அடிபட்டது சொமேட்டோ விஷயத்தில். 2021இல் முதன்முதலாகப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றபோது (ஐபிஓ) ஒரு பங்கின் விலை 76 ரூபாய். இவர் போட்ட மதிப்பு சுமார் 41. பங்கு நூறு ரூபாய்க்கு மேல் வர்த்தகமானபோது சிரித்தார்கள். 2022 ஜூலையில் அதே 41க்கு இறங்கியதும் தீர்க்கதரிசி என்றார்கள். 2024இல் இருநூறைத் தாண்டியதும் மறுபடி கிண்டல். மூன்று தடவையும் பேசியவர்களில் பாதிப் பேராவது அந்த ஷீட்டைத் திறந்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். திறந்திருந்தால் தெரிந்திருக்கும்: வருமானம் எவ்வளவு வளரும், லாப விகிதம் எங்கே போய் நிற்கும் என்று அவர் எழுதி வைத்த எண்களை மாற்றினால் விடையும் மாறும். உங்களுக்கு வேறு நம்பிக்கை இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள் என்பதுதான் அவர் பாடமே.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு, அவர்மேல் இல்லை. நான் ஆடிட் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். மேஜைக்கு வரும் வேல்யுவேஷன் ரிப்போர்ட்டுகளில் டிஸ்கவுன்ட் ரேட் (எதிர்காலத்தில் வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கணக்கிடும் விகிதம்) எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அடிக்குறிப்பில் 'ஆதாரம்: தாமோதரன்' என்று ஒரே வரி. எந்த வருட எண், எந்த நாட்டுக்கானது, இந்தக் கம்பெனிக்கு ஏன் பொருந்தும் என்று ஒரு விளக்கமும் இருக்காது. அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டேன் என்று மனுஷன் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். யோசிக்காமல் எடுத்துப் போடாதீர்கள் என்றும் சொல்கிறார். இவர்களோ எண்ணை மட்டும் உருவிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் வந்த ரிப்போர்ட்டிலும் இதே கதைதான். கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.