வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீடு தர மாட்டோம் என்பவர்களுக்கு

பெங்களூரில் லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, ஹென்னூர், கொத்தனூர் பக்கம் வீடு வைத்திருக்கும் நம் தமிழ் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் மாடி வீடு காலியானபோது புரோக்கர் வந்து, "ஆப்பிரிக்காக்காரங்களுக்கு மட்டும் கொடுத்துடாதீங்க மேடம், அப்புறம் கீழ் வீட்டுக்குக்கூட ஆள் வராது" என்றார். அதே மூச்சில், "அப்படியே கொடுக்கிறதா இருந்தா 20,000 சொல்லுங்க. அவங்களுக்கு வேற வழி இல்ல, கொடுத்துடுவாங்க" என்றார். அதுவரை அந்த வீட்டுக்கு நாங்கள் வாங்கிய வாடகை 13,000.

இப்போது அங்கே ருவாண்டாப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அந்த நாட்டுத் தலைநகர் கிகாலியில் பிறந்து வளர்ந்தவள், இங்கே எம்.எஸ்ஸி. படிக்கிறாள். வாடகை அதே 13,000தான். எங்களிடம் வருவதற்கு முன்னால் ஒரு வீட்டில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டிருக்கிறார்கள். பத்து மாத வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள் என்று நினைத்து, "அப்போ பத்து மாசம் நான் எதுவும் தர வேண்டாம்தானே?" என்று கேட்டாளாம். அந்த ஓனர் கதவைச் சாத்திவிட்டார். அவள் கேட்டதில் என்ன தப்பு? பத்து மாத அட்வான்ஸ் பெங்களூரில் நாமாகப் பழக்கிக்கொண்டது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும், சரி. ஆனால் இரண்டு மாதம் போதும் என்று நாமே முடிவு பண்ண எந்தச் சட்டமும் தேவையில்லை. நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் இந்த ஊரைப் பார்த்து எதற்கு ஆச்சரியப்படுவார்கள் என்று நாமாக ஒன்று நினைத்து வைத்திருக்கிறோம். இளநீர்க் கடையில்கூட கியூஆர் கோடு இருப்பதைப் பெருமையாகக் காட்டுகிறோம். கிகாலியில் மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்குப் பணம் போனிலேயே போய்விடும், மொபைல் மணி அங்கே எல்லோர் கையிலும் இருக்கிறது. அவளுக்கு அது புதுசே இல்லை. இங்கே அவளிடம் யுபிஐ இல்லாமல் போனதுதான் கஷ்டம். இந்திய நம்பர் வேண்டும், அதோடு இணைந்த வங்கிக் கணக்கு வேண்டும். அது கைக்கு வரும்வரை 500 ரூபாய் நோட்டை நீட்டி, "சில்லறை இல்லம்மா" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு கடை கடையாக நடந்தாள். "வெயிலெல்லாம் உனக்குப் பழக்கம்தானே" என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. கிகாலி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை ஊர். பெங்களூரைவிட உயரம். வெயில் பெரும்பாலும் 30 டிகிரிக்குள்ளேயே நிற்கும். நம் ஏப்ரல் வெயிலில் அவள் வாடிப்போய்விட்டாள்.

அவளை உண்மையிலேயே திகைக்க வைத்தது தெருமுனைக் குப்பை. ருவாண்டாவில் பிளாஸ்டிக் பைகளை 2008லேயே தடை செய்துவிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் கடைசி சனிக்கிழமை காலையில் ஊரே தெருவில் இறங்கி வேலை செய்யும், உமுகாண்டா என்று பெயர். அப்படி ஒரு ஊரிலிருந்து வந்தவள், கொத்தமல்லிக் கட்டுக்கு ஒரு கவர், பச்சைமிளகாய்க்கு ஒரு கவர் என்று கடைக்காரர் போட்டுக் கொடுத்ததைக் கையில் பிடித்தபடி, "இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?" என்று என் அம்மாவைக் கேட்டாள். அம்மா அன்றிலிருந்து துணிப்பை எடுத்துக்கொண்டுதான் காய்கறிக்குப் போகிறார்.

தண்ணீர் விஷயத்தில் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எந்த நாள் காவேரி வரும், எது போர்வெல் தண்ணீர், குடிக்க எது என்று முதல் வாரத்திலேயே கேட்டுக் குறித்துக்கொண்டாள். நூறு கிலோமீட்டர் தள்ளி தொரைகாடனஹள்ளியிலிருந்து பம்ப் போட்டு ஏற்றித்தான் இந்தத் தண்ணீர் நம் சம்புக்கு வருகிறது என்று நான் சொன்னதும் குழாயை இறுக்கி மூடினாள். இங்கேயே பிறந்த நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது தோன்றும்?

பஸ் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆனால் கர்நாடகத்தில் வசிக்கும் அடையாள அட்டை வேண்டும். அவள் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறாள், அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. ஒருநாள் சிவாஜிநகரிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவள் முன்னால் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டாள், நான் நெரிசலில் பின்னால் மாட்டிக்கொண்டேன். நிற்க இடமில்லாத கூட்டம். அவள் பக்கத்து சீட் மட்டும் காலி. கையில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் அந்த சீட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காக்ஸ் டவுன் தாண்டியும் அந்த சீட் அப்படியே இருந்தது. இறங்கிய பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. அவளே, "பழகிடுச்சு அக்கா, பை வைக்க இடம் கிடைக்குது" என்றாள். எனக்கு நெஞ்சை அடைத்தது. வந்து ஒரு செமஸ்டர்கூட முடியாத பிள்ளைக்கு இந்த ஊரில் அது பழகியிருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மாடிப்படிக்குக் கீழே எங்கள் பாட்டி காலத்துக் கல் உரல் ஒன்று கிடக்கிறது. அம்மா அதில் மண் போட்டுத் துளசி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊரில் மரத்தில் இதே மாதிரி இருக்குமாம், மரவள்ளி இலையை அதில்தான் இடிப்பார்களாம். அம்மாவுக்குச் சொந்த ஊர் சேலம் மாவட்டம் ஆத்தூர். அந்தப் பக்கம் காடு காடாக மரவள்ளிதான், குச்சிக்கிழங்கு என்பார்கள். "ஐயோ கண்ணு, அந்தத் தழையைத் தின்னா ஆடே செத்துப்போகும், அதையா மனுஷங்க தின்னுவீங்க?" என்று பதறிவிட்டார். நன்றாக இடித்து, நேரமெடுத்து வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். மாமா பொங்கலுக்கு வந்தபோது ஒரு சாக்கு கொழுந்துத் தழை கொண்டுவந்தார். துளசி தொட்டிக்குப் போனது. உரலைக் கழுவி, உலக்கையைப் பக்கத்து வீட்டில் வாங்கி, அவளும் அம்மாவும் மாறி மாறி இடித்தார்கள். அம்மா போடும் குத்தைப் பார்த்து, "எங்க பாட்டி மாதிரியே குத்துறீங்க" என்றாள். இடித்ததை மணிக்கணக்கில் வேகவைத்து, வெங்காயமும் வேர்க்கடலை மாவும் சேர்த்து இறக்கினாள். இசோம்பே என்று பெயர். அம்மா முதலில் ஒரு ஸ்பூன் மட்டும் எடுத்துக்கொண்டார், பிறகு சோற்றில் பிசைந்தே சாப்பிட்டார்.

இனி பயம் பற்றி. "போதைப்பொருள், பார்ட்டி, போலீஸ், நமக்கு எதுக்கு வம்பு" என்கிறீர்கள். சில பேர் பிடிபட்டிருக்கிறார்கள், உண்மைதான். அதற்காக ஒரு கண்டத்துக்கே கதவைச் சாத்துவது நியாயமா? பாஸ்போர்ட், விசா, காலேஜ் அட்மிஷன் கடிதம் மூன்றையும் பாருங்கள், காலேஜுக்குப் போன் போட்டு விசாரியுங்கள். வெளிநாட்டவருக்கு வீடு கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டியது வீட்டுக்காரர் கடமை. விசா 180 நாளுக்கு மேல் என்றால் அந்தப் பிள்ளையும் இந்தியா வந்து 14 நாளுக்குள் அதே அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் தெரிவித்த அத்தாட்சி அதற்குத் தேவை. வாடகையை வாங்கிக்கொண்டு, "எனக்கு அந்த வேலையெல்லாம் ஆகாது" என்று இழுத்தடிக்கிற ஓனர்கள் நம் ஏரியாவிலேயே இருக்கிறார்கள். அபராதமும் அலைச்சலும் அந்தப் பிள்ளை தலையில் விழும். உட்கார்ந்தால் அரைமணி நேர வேலை, செய்துகொடுங்கள். 2018லிருந்து 'ஸ்டடி இன் இந்தியா' என்று அரசாங்கமே உலகத்தைக் கூப்பிடுகிறது. கூப்பிடுவது டெல்லி, இடம் கொடுக்க வேண்டியது நம் தெரு.

2016 ஜனவரி கடைசியில் ஹெசரகட்டா பக்கம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சூடான் மாணவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்துபோனார். பிறகு அந்த வழியாக வேறு காரில் வந்த, எந்தச் சம்பந்தமும் இல்லாத தான்சானியா மாணவியைக் கூட்டம் பிடித்து அடித்தது, காரைக் கொளுத்தியது. நிறத்தை வைத்து ஆள் பார்த்த கூட்டம் அது. மொழியை வைத்து ஆள் பார்த்த கூட்டத்தை 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் நாம் பார்த்தோம். அந்த வாரம் அப்பா வாசலில் யாரிடமும் தமிழில் பேசாதே என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைக் கடந்து வந்த குடும்பங்கள்தான் இன்று கம்மனஹள்ளியில் இரண்டு மாடி, மூன்று மாடி கட்டி வாடகைக்கு விடுகிறோம். "இவங்களுக்கு மட்டும் இல்ல" என்று நம் வாயிலிருந்தே வருவதை என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணின் ஊரிலிருந்து இன்னும் இரண்டு மாணவிகள் அடுத்த செமஸ்டருக்கு வருகிறார்கள். லிங்கராஜபுரத்திலிருந்து கொத்தனூர் வரை எங்கே இருந்தாலும் சரி, ஒரு படுக்கையறை வீடு போதும், பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மற்றவர்களிடம் வாங்கும் வாடகையையே கேளுங்கள். இருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், இணையப் பதிவை எப்படிப் போடுவது என்று நானே வந்து உட்கார்ந்து செய்துகொடுக்கிறேன்.