மெட்டாலிகா எப்ப செத்துச்சு?

நேத்து குரூப்புல நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், ஸ்க்ரீன்ஷாட் வேற சுத்துதாம், அதனால முழுக்கதையும் சொல்லல. நான் போட்டது ஒரே வரி, அமெரிக்க மெட்டல் பேண்ட் மெட்டாலிகாவோட 96 ஆல்பத்தப் பத்தி, "லோட் நல்ல ஆல்பம்". அதுக்கு வரிசையா சிரிப்பு ஸ்டிக்கர். அப்புறம் நம்ம அண்ணன் வந்து "தம்பி, மெட்டாலிகா 91-லயே செத்துப்போச்சு, அதுக்கப்புறம் கேக்கறவன்லாம் போஸர், சும்மா ரசிகன்னு வேஷம் போடறவன்"னு தீர்ப்பு எழுதிட்டுப் போயிட்டார். சரிங்கண்ணே.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். மாறாத மெட்டாலிகான்னு ஒண்ணு எப்பண்ணே இருந்துச்சு? 83-ல முதல் ஆல்பம் கில் எம் ஆல், வெறும் வேகம், மூச்சு விட இடமில்ல. அடுத்த வருஷமே ஃபேட் டு பிளாக்னு அக்கூஸ்டிக் கிட்டார்ல மெதுவா ஆரம்பிக்கிற பாட்டு, அப்பவே அங்க இருந்த த்ராஷ் (அதிவேக மெட்டல்) கூட்டம் "விலை போயிட்டானுங்க"ன்னு கத்துச்சு. இன்னைக்கு அதையே சாமி பாட்டு மாதிரி கும்பிடறீங்க. 86-ல ஸ்வீடன்ல பஸ் கவுந்து பேஸ் கிட்டார் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் செத்துப் போயிட்டார், 88-ல ஜஸ்டிஸ் ஆல்பம் வருது, சில பாட்டு பத்து நிமிஷத்தத் தொடுது, ஆனா அவர் இடத்துக்குப் புதுசா வந்த நியூஸ்டெட் பேஸ்ல என்ன வாசிச்சார்னு காதுல விழவே இல்ல. 91-ல வந்த பிளாக் ஆல்பத்துக்கு, மோட்லி க்ரூங்கற கிளாம் பேண்டுக்கு ஆல்பம் பண்ண பாப் ராக்ங்கற புரொட்யூசரக் கூட்டிட்டு வந்து வேகத்தக் குறைச்சு பாட்டச் சுருக்கிட்டாங்க. மாறிட்டேதான் இருந்தாங்க, அததான் சொல்றேன்.

"மாறலாம்ப்பா, காசுக்காக மாறக்கூடாது"ன்னு ஒருத்தர் வருவார். காசுதான்னா கோடிக்கு மேல வித்த பிளாக் ஆல்பத்தயே பாகம் ரெண்டு, பாகம் மூணுன்னு போட்டுட்டுப் போயிருக்கலாமே? எதுக்கு 96-ல முடிய வெட்டி, கண்ணுக்கு மை போட்டு, ப்ளூஸ், கண்ட்ரின்னு வாசிச்சு உங்க கிட்ட திட்டு வாங்கணும்? "அப்ப 2003 செயிண்ட் ஆங்கர் ஆல்பம்?" சரி, அந்த ஸ்நேர் டிரம் சத்தம் தகர டப்பாதான், கிட்டார் சோலோ ஒண்ணு கூட கிடையாது, ஒத்துக்கறேன். பாடகர் லூ ரீடோட சேந்து போட்ட லூலு ஆல்பத்த அவர் கணக்குல எழுதிக்கோங்க. நாப்பது வருஷத்துல ரெண்டு சறுக்கக் கூடாதா?

லோட்ட நான் கேட்டது 98-ல, ஹாஸ்டல்ல. ரூம்மேட் காப்பி அடிச்சுக் குடுத்த கேசட். ஆல்பம் 79 நிமிஷம், கேசட் 60, அதனால கடைசி மூணு பாட்டு இருக்குன்னே எனக்கு ரொம்ப வருஷம் தெரியாது. என் கேசட்ல கடைசியா அடங்குன பாட்டு மாமா செட் (தமிழ்ல எழுதினா சிரிப்பாதான் இருக்கு, அது அம்மா பாட்டு). பாடகர் ஹெட்ஃபீல்டோட அம்மா அவங்க மத நம்பிக்கைனால வைத்தியமே வேணாம்னுட்டாங்க, கேன்சர்ல போனப்ப இவருக்கு 16 வயசு. நான் அத திரும்பத் திரும்ப ரீவைண்ட் பண்ணிக் கேட்ட அந்த வருஷம் எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா தூக்கிட்டு அலைஞ்சோம். ஸ்டிக்கர் போட்டவங்களுக்கு இது தெரியாதுதான். தெரிஞ்சாலும் போட்டிருப்பீங்க, விடுங்க.

"ஓ, அழுது ஜெயிக்கப் பாக்கறான்"னு சொல்வீங்க, சொல்லிக்கோங்க.

ஆனா அண்ணே, 2011 அக்டோபர் 30, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ், என் பக்கத்துல நின்னு நத்திங் எல்ஸ் மேட்டர்ஸுக்குக் கண்ண மூடிக்கிட்டு தொண்ட கிழியப் பாடினது யாரு? அது செத்துப்போன 91 பாட்டுண்ணே. நீங்க முடிய வெட்டலாம், ஐடி கம்பெனில மேனேஜராகலாம், காலைல வாக்கிங் போயி சக்கரை இல்லாத காப்பி குடிக்கலாம். ஹெட்ஃபீல்ட் குடிய விட 2001-ல மறுவாழ்வு மையம் போயிட்டு வந்தா மட்டும் பழைய ஃபோர்ஸ் இல்ல. இருபது வயசுப் பையனாவே பியர் பாட்டிலோட அங்கயே நிக்கணும், ஏன்னா உங்க காலேஜ் ஞாபகத்துக்கு அவர்தான் வாட்ச்மேன்.

குரூப்ப விட்டு நானாத்தான் வந்தேன், அட்மின் தூக்கல, அத யாராவது அங்க சொல்லிடுங்க. 2023-ல ஹெட்ஃபீல்டுக்கு 59 வயசு, அந்த வருஷம் வந்த 72 சீசன்ஸ் ஆல்பத்துல கடைசிப் பாட்டு பதினோரு நிமிஷம் ஓடுது. அண்ணன் அத ஒரு தடவ முழுசா கேட்டுட்டு அப்புறம் ஸ்டிக்கர் அனுப்பட்டும், என் நம்பர் அவர் கிட்ட இருக்கு.