பிசினஸ் மேனேஜ்மென்ட் சேரப் போகிறீர்களா? முதல் வருடப் பாடங்களைப் பாருங்கள்

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு பிசினஸ் மேனேஜ்மென்ட் இளங்கலையில் சேரப் போகிற பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் பேசினால், முதலில் வருவது இந்தக் கேள்விதான்: “மார்க்கெட்டிங் எடுக்கலாமா, ஃபைனான்ஸா, ஹெச்ஆரா?” அதை ஒன்றரை வருடம் தள்ளி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இந்தப் படிப்பு உங்களுக்கு உதவுமா உதவாதா என்பது பெரும்பாலும் முதல் வருடத்துக் கணக்கியலிலும் புள்ளியியலிலும் முடிவாகிவிடுகிறது. அந்த இரண்டையும் ஒழுங்காகப் படித்தவர் பிறகு எந்தச் சிறப்புப் பாடத்துக்குப் போனாலும் தேறிவிடுவார். பாஸ் ஆனால் போதும் என்று தாண்டி வந்தவர் கடைசி வருடத்தில் பெரிய பெரிய வார்த்தைகள் பேசுவார், ஒரு பக்கக் கணக்கை நீட்டினால் திணறுவார்.

இதை நான் நேரில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புதிதாகப் பட்டம் வாங்கியவர்களை வேலைக்கு எடுக்கும் நேர்காணல்களில் உட்காருவது என் வேலையில் ஒரு பகுதி. ஒரு நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் முன்னால் வைத்துவிட்டுக் கேட்பேன்: “லாபம் வந்திருக்கிறது. ஆனால் இந்த மாதம் சம்பளம் போடப் பணம் இல்லை. எப்படி?” உத்தி, பிராண்டு, தலைமைப் பண்பு என்று நிறைய பேர் ஆரம்பிப்பார்கள். ஒருசிலர் மட்டும் எதுவும் பேசாமல் தாளை இழுத்து, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கையிருப்புச் சரக்கு எவ்வளவு என்று போன வருட எண்ணோடு ஒப்பிடுவார்கள். 100க்கு வாங்கிய சரக்கை 130க்குக் கடனாக விற்றால் அன்றைக்கே 30 லாபம் என்று கணக்கில் ஏறிவிடும். காசு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். சரக்கு கொடுத்தவருக்கோ இந்த மாதமே பணம் கட்ட வேண்டும். இவ்வளவுதான் விடை. முதல் செமஸ்டர் பாடம். இதைச் சொல்கிறவர் மார்க்கெட்டிங் படித்தவரா, மனிதவளம் படித்தவரா என்று நான் பார்ப்பதே இல்லை.

“எனக்குக் கணக்குப் பார்ப்பதில் விருப்பம் இல்லை, ஆட்களை நிர்வகிப்பதில்தான் விருப்பம்” என்று சொல்லும் பிள்ளைகளிடம் வேர்ல்ட்காம் கதையைச் சொல்வேன். அமெரிக்காவின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்று அது. மற்ற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தை அந்தந்த ஆண்டின் செலவாக எழுதாமல், சொத்து வாங்கிய மூலதனச் செலவு மாதிரி எழுதிவைத்தார்கள். செலவு குறைந்து லாபம் கூடியதாகத் தெரிந்தது. 2002இல் சிந்தியா கூப்பர் தலைமையிலான உள் தணிக்கைக் குழு அதைத் தோண்டி எடுத்தபோது, முதலில் வெளியே வந்த தொகை மட்டும் 380 கோடி டாலர். அதே வருடம் நிறுவனம் திவாலானது. எந்தச் செலவு இந்த வருடத்தது, எது சொத்தாக மாறி வருடா வருடம் தேய்மானமாகக் கழிய வேண்டியது என்பது முதல் வருட மாணவருக்குச் சொல்லித்தரும் வித்தியாசம். ஆட்களை நிர்வகிக்கப் போகிறவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு அவர் பெயரில்தான் அறிக்கை போகும்.

புள்ளியியல் விஷயமும் இப்படித்தான். மேலாண்மைப் பாடப்புத்தகங்களில் ஹாத்தோர்ன் ஆய்வு வராத புத்தகம் அரிது. சிகாகோ பக்கத்தில் இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் 1924இல் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். எப்படி மாற்றினாலும் உற்பத்தி கூடியது, காரணம் யாரோ தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வு என்று கதை சொல்லப்படும். ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அந்தப் பழைய தரவுகளைத் தேடி எடுத்து மறுபடி அலசி 2011இல் வெளியிட்டார்கள். பல தலைமுறையாகச் சொல்லிவந்த அந்த அதிசயம் தரவில் அப்படி இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. கதையை மனப்பாடம் செய்தவர் தேர்வில் மதிப்பெண் வாங்கலாம். ஆனால் வேலையில் யாராவது “இந்த விளம்பரத்துக்குப் பிறகு விற்பனை கூடியது” என்று ஒரு வரைபடத்தைக் காட்டும்போது, விளம்பரம் இல்லாவிட்டாலும் அது கூடியிருக்குமா என்று கேட்கத் தெரிய வேண்டும். அந்தக் கேள்வி புள்ளியியல் வகுப்பிலிருந்துதான் வருகிறது.

இந்தப் பாடங்கள் ஒன்றும் தற்செயலாக வந்து சேர்ந்தவை அல்ல. பல்கலைக்கழகத்தில் வணிகப் படிப்பு என்பது பழைய சங்கதி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி 1881இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் ஃபோர்டு அறக்கட்டளை ராபர்ட் கார்டன், ஜேம்ஸ் ஹோவெல் இருவரிடம் எழுதி வாங்கி 1959இல் வெளிவந்த அறிக்கை, அமெரிக்க வணிகப் பள்ளிகள் பலவும் மேலோட்டமான தொழிற்பயிற்சிக் கூடங்களாக இருக்கின்றன என்று கடுமையாகச் சாடியது. கணிதம், பொருளியல், மனித நடத்தை பற்றிய அறிவியல் எல்லாம் அழுத்தமாக வேண்டும் என்றது. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் முதல் வருடப் பாடத்திட்டத்தில் அந்த அழுத்தத்தின் தடம் இருக்கிறது. அதை “தேவையில்லாத தியரி” என்று சீனியர்கள் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, எங்கே சேர்வது? பட்டத்தின் பெயர் பிபிஏவா, பிஎஸ்சியா, பிஏவா என்பதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ் மாதிரியான சர்வதேச அங்கீகாரம் இருந்தால் நல்லதுதான். ஆனால் அது கல்வி நிறுவனத்தைப் பற்றிச் சொல்லுமே தவிர, உங்கள் கணக்கியல் வகுப்பில் 40 பேர் இருப்பார்களா 400 பேர் இருப்பார்களா என்று சொல்லாது. அதனால் விளம்பரக் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பாடத்தின் விவரம் இருக்கும் முழுப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் நான் முதலில் பார்ப்பது, புள்ளியியல் ஒரே செமஸ்டரோடு முடிகிறதா, பிறகு இரண்டாவது பாடமாகத் தொடர்கிறதா என்பதை. அப்புறம் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பேன். எல்லாமே கடைசித் தேர்வு என்றால் மனப்பாடத்தில் போய் முடியும், எல்லாமே குழு அறிக்கை என்றால் யார் படித்தார், யார் படிக்கவில்லை என்றே தெரியாது. மேல் வகுப்புப் பாடங்களுக்கு முன்தேவைப் பாடங்கள் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். முதலீட்டுப் பகுப்பாய்வை எதையும் முடிக்காமலே எடுக்கலாம் என்று ஒரு கல்லூரி சொன்னால், அந்த வகுப்பில் முதலீட்டுப் பகுப்பாய்வு நடக்கப் போவதில்லை.

வணிகத்துக்கு வெளியிலிருந்து ஒரு துறையைத் துணைப்பாடமாக எடுக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். உளவியல், கணினி, ஒரு வெளிநாட்டு மொழி, சட்டம், எதுவானாலும் சரி. நிர்வாகம் எப்போதும் ஏதோ ஒன்றின் நிர்வாகம்தான். மருத்துவமனை, மென்பொருள், சரக்குப் போக்குவரத்து என்று ஒரு உலகத்தைக் கொஞ்சமாவது உள்ளிருந்து தெரிந்தவரை எல்லோருக்கும் பிடிக்கும்.

நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கல்வியாண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் வருடத்துக்கு 1500 முதல் 1800 மணி நேரம். வகுப்பில் உட்காருவது அதில் ஒரு பங்குதான், மீதி நீங்களாகவே படிக்க வேண்டியது. மேனேஜ்மென்ட் படிப்பு “ஈஸி” என்று பெயர் வாங்கியதற்குக் காரணமே, அந்த மீதி நேரத்தைப் பலரும் தொடாமல் விடுவதுதான். வாரத்துக்கு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்துப் பின்குறிப்புகள் உட்பட வாசியுங்கள். முதல் நான்கைந்து அறிக்கைகள் சலிப்பாக இருக்கும். அதற்குப் பிறகு, எண்கள் ஏதோ மறைக்கும் இடங்கள் உங்கள் கண்ணுக்கே பட ஆரம்பிக்கும்.

குழுப் பணிகளைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பேச்சில் தைரியமானவர் மேடையில் நிற்பார், அமைதியானவர் இரவு முழுக்க எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டுவார். மூன்று வருடமும் இதே பங்கீடு தொடர்ந்தால் இரண்டு பேருமே பாதிதான் படித்து வெளியே வருகிறார்கள். ஒவ்வொரு பணியிலும் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். பேசத் தயங்குபவர் பேசட்டும், பேசுபவர் தரவைச் சுத்தம் செய்யட்டும். ஆசிரியர் சொல்லாவிட்டாலும் நீங்களே செய்யலாம்.

இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய பெயர்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம். சின்ன நிறுவனத்தில் பில் போடுவதும், பாக்கி வசூலிக்க ஃபோன் செய்வதும், சரக்கு எண்ணுவதும் ஒரே அறையில் நடக்கும். இரண்டு மாதத்தில் ஒரு தொழிலின் முழுச் சுற்றையும் பார்த்துவிடலாம். பிரிட்டனில் பல பட்டப்படிப்புகளில் கடைசி வருடத்துக்கு முன்னால் ஒரு முழு வருடம் வேலைக்குப் போய்விட்டு வரும் வசதி இருக்கிறது. அது கிடைக்கிற இடமாக இருந்தால், படிப்பு ஒரு வருடம் நீள்கிறதே என்று தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எம்பிஏ. இளங்கலை முடித்த கையோடு அதற்கும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். இளங்கலையே மேனேஜ்மென்ட் என்றால் வேண்டாம் என்பேன். எம்பிஏவின் முதல் பாதியில் வருவது பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே படித்த அதே கணக்கியல், அதே சந்தைப்படுத்தல். அந்த வகுப்பின் பலனே, வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் கேட்கும் கேள்விகளில் இருக்கிறது. பெயர் பெற்ற பள்ளிகள் பலவும் சில வருட வேலை அனுபவத்தை எதிர்பார்ப்பது இதனால்தான். மூன்று நான்கு வருடம் வேலை பாருங்கள். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால், எந்தப் பள்ளி, எந்தத் துறை என்பதை அந்த வேலையை வைத்து முடிவு செய்யலாம்.