பிசியோதெரபி: "ஒரே வருஷத்தில் போட்ட காசு" கணக்கு தப்பு

"பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்தால் முதல் மாசமே ஐம்பதாயிரம், ஒரே வருஷத்தில் போட்ட காசு கைக்கு வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தர்மபுரியில் இதை நம்பிக் கடன் வாங்கினால் குடும்பம் திணறும்.

ஒரு கணக்குக்கு, வருஷக் கட்டணம் ஒரு லட்சம், ஹாஸ்டல் அறுபதாயிரம் என்று வையுங்கள். நாலு வருஷத்துக்கு 6.4 லட்சம். அதற்குமேல் இன்டர்ன்ஷிப் காலச் செலவு வேறு. தொடக்கச் சம்பளம் 15,000 என்றால், ஒரு ரூபாய்கூடத் தொடாமல் கட்டினாலும் மூன்றரை வருஷம் தாண்டும். கல்விக்கடன் என்றால் படிக்கும்போதே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். தவணைதான் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தொடங்கும்.

வேலையே இல்லை என்பதும் சரியல்ல. வீட்டுக்கே போய் பிசியோதெரபி தரும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பக்கவாதம் வந்தவருக்குக் கை விரலை மடக்கி நீட்டவே வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும், தேவை அவ்வளவு இருக்கிறது. ஆனால் பென்னாகரத்தில் ஒரு வீடு, பாலக்கோட்டில் ஒரு வீடு என்று தனியாகப் போனால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். அந்த பெட்ரோலையும் கழித்துத்தான் வருமானம்.

சேரும் முன் அந்தக் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகளிடம், சீனியர்கள் இப்போது எங்கே, எவ்வளவுக்கு வேலை செய்கிறார்கள் என்று நேரில் கேளுங்கள்.