முதல் வாரம் இலவசம், அப்புறம்?

வடசென்னையில் குடியை விட நினைக்கிற ஒருவருக்கு முதல் வாரத்துக்கு வழி இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்டான்லி, கொஞ்சம் தள்ளிப் போனால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. கை நடுக்கத்துக்கு மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கும். பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதனால் ‘வைராக்கியம் இருந்தா வீட்டிலேயே விட்டுடலாம்’ என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

என் கவலை அதற்கப்புறம் வரும் நாட்களைப் பற்றியது. உடம்பு தெளிந்த ஆளை அதே தெருவுக்கு, அதே டாஸ்மாக் வாசலுக்கு அனுப்பி வைக்கிறோம். ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாதவர்கள் எங்கள் பக்கம் நிறைய பேர். பக்தி மட்டுமா அவர்களைத் தாங்குகிறது? விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை, கூடவே நாலு பேர், ‘சாமி’ என்று கூப்பிடும் மரியாதை. மாலையைக் கழற்றிய அன்றே அத்தனையும் போய்விடுகிறது. தங்கிச் சிகிச்சை பெறும் இடத்தில் அந்தத் துணையும் ஒழுங்கும் மாதக்கணக்கில் கிடைக்க வேண்டும், ஆலோசகரோடு, குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசி. அடையாறில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தருகிறது.

தனியார் சென்டர்களில் காசு இருந்தால்தான் கட்டில். எங்கள் தெரு அக்கா ஒருவர் தாலிச் செயினை அடகு வைத்துக் கணவரைச் சேர்த்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு, சுருக்குப்பையில் நாலாய் மடித்த அடகு ரசீது. கணவர் உள்ளே இருந்த நாட்களில் வீட்டில் வருமானம் இல்லை. குழுக் கடன் வசூலுக்கு வாரம் தவறாமல் ஆள் வந்து வாசலில் நின்றது. சிகிச்சை முடியும் முன்பே லோடு வேலைக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார் மனிதர். அன்றைக்குச் சாயங்காலமே அந்த அட்வான்ஸ் எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். (சேர்க்கும் முன் சென்டருக்கு மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டிப்போடுவதும் அடிப்பதும் சிகிச்சை அல்ல.)

2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-இல் ஒருவர். இங்கே சில்லறை மது விற்பனையை 2003-இலிருந்து தமிழ்நாடு அரசே நடத்துகிறது. அந்த வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று மாநகராட்சி மண்டலத்துக்கு ஒரு சிகிச்சை இல்லம் நடத்தட்டும். சிகிச்சை முடியும்வரை வீட்டுக்கும் ஒரு தொகை கொடுக்கட்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, அதற்கு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தருகிறார்கள். வேலையும் இல்லை, வீட்டுக்குக் கொஞ்சம் பணமும் வருகிறது. சேர்ந்து சிகிச்சை எடுக்க அதைவிடத் தோதான காலம் ஏது? காசிமேட்டில் வரும் தடைக்காலத்துக்கு முன்பே முதல் இல்லத்தைத் திறங்கள்.