ஓடிப்போன நர்ஸ் குரோம்பேட்டையிலிருந்து எழுதுவது

அந்த வீடியோவை இதுவரை எனக்குப் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். "நம்ம நர்ஸ்களுக்கு டாலர் மோகம், நோயாளியை விட்டுட்டு ஓடுறாங்க" என்று மேடையில் ஒரு பெரியவர் சொல்ல, கீழே கைதட்டல். அனுப்பியவர்களில் ஒருவர் என் சொந்தச் சித்தப்பா. "உன்னைத்தாம்மா சொல்றாரு" என்று கூடவே சிரிக்கிற எமோஜி.

சித்தப்பா, நான் எங்கே ஓடினேன்? குரோம்பேட்டையில்தானே இருக்கிறேன்.

2016-ல் என்கிளெக்ஸ் எழுதினேன், அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்க எழுத வேண்டிய தேர்வு. 75-வது கேள்வியோடு கணினி தானாக நின்றது. அப்போதெல்லாம் பிரமாதமாக எழுதினாலும் அங்கே நிற்கும், சொதப்பினாலும் அங்கே நிற்கும். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. பாஸ். அப்புறம் ஆங்கிலத் தேர்வு, விசாவுக்காகப் படிப்பையும் உரிமத்தையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழ். 2017-ல் அங்குள்ள ஒரு மருத்துவமனை எனக்காக ஐ-140 போட்டது, அதாவது கிரீன் கார்டுக்காக (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) முதலாளி போடும் மனு. அந்தத் தேதிதான் வரிசையில் என் இடம். நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையே ஷெட்யூல் ஏ என்ற தட்டுப்பாட்டு வேலைகளின் பட்டியலில் வைத்திருப்பதால், 'உள்ளூரில் ஆள் தேடினீர்களா' என்ற சோதனைகூட எங்களுக்குக் கிடையாது. அவ்வளவு அவசரமாம். ஆனால் எந்தத் தேதியில் மனு போட்டவர் வரைக்கும் முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில், எங்களைப் போன்றவர்களுக்கான இபி-3 பிரிவில், இந்தியாவுக்கு கிரீன் கார்டு வழங்கும் தேதி 2025 முழுக்க 2013-ஐத் தாண்டவில்லை. நான் 2017. இதற்குப் பெயர் ஓட்டமா? நிற்கிறேன் ஐயா, கால் கடுக்க நிற்கிறேன்.

வேலைவழி கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. கணவன், மனைவி, பிள்ளைகளும் அதற்குள்தான். ஒரு நாட்டுக்கு 7 சதவீத உச்சவரம்பு. நாடு என்றால் பாஸ்போர்ட் அல்ல, பிறந்த இடம். என்னோடு படித்தவளின் கணவர் கொழும்பில் பிறந்தவர். கணவர் பிறந்த நாட்டின் கணக்கில் போகலாம் என்று விதி இருக்கிறது. எனக்குப் பின்னால் போட்டவள் இப்போது டெக்ஸாஸில் ஐசியூ நர்ஸ். எனக்கு ஜாதகம் பார்த்தவர்கள் செவ்வாய் பார்த்தார்கள், ராகு பார்த்தார்கள், மாப்பிள்ளை பிறந்த நாட்டை மட்டும் பார்க்கவில்லை! (என் வீட்டுக்காரர் செங்கல்பட்டு. அவரைக் குறை சொல்லவில்லை.) இதற்கிடையில் விசாஸ்கிரீன் ஐந்து வருடத்தில் காலாவதி. மறுபடி பணம், மறுபடி பேப்பர்.

"வரிப்பணத்தில் படித்துவிட்டு" என்று கமெண்டில் வருவீர்கள். தெரியும். நான் தனியார் கல்லூரி. கல்விக் கடனின் கடைசித் தவணையைக் கட்டும்போது என் மகன் எல்கேஜி.

"எல்லோரும் போனால் இங்கே யார் பார்ப்பது?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். இரவில் இரண்டு பேர் இருபத்தெட்டு படுக்கையைப் பார்க்கும்போது எனக்கும் வரும். ஆனால் அதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று 2016-லேயே சொன்னது. எத்தனை இடத்தில் தருகிறார்கள், போய் விசாரியுங்கள். 2017 நவம்பரில் ஒப்பந்த நர்ஸ்கள் பணி நிரந்தரம் கேட்டு சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்தார்களே, அப்போது இந்த மேடை எங்கே இருந்தது?

2020 மார்ச் 22, மாலை ஐந்து மணி. எங்களுக்காகத் தட்டைத் தட்டினீர்கள். நன்றி. அதே வாரம் வீட்டு உரிமையாளர் அம்மா, "படிக்கட்டுக் கைப்பிடியைத் தொடாம ஏறும்மா" என்றார். பையைத் தலையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடி ஏறினேன். அன்றைக்குக் காலையில் தொடங்கிய டியூட்டி இரவு ஒன்பதுக்குத்தான் முடிந்திருந்தது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

சித்தப்பா, உங்களிடம் ஒன்றே ஒன்று. போன ஐப்பசியில் டெங்குவோடு எங்கள் வார்டில்தானே படுத்திருந்தீர்கள்? மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்காமல், "எங்க பொண்ணைக் கூப்பிடுங்க" என்று கத்தினீர்கள். இடது முன்கையில் ஒரே குத்தில் போட்டேன். அன்றைக்கு நான் ஓடியிருக்கலாமோ?

இன்றைக்கு நைட் டியூட்டி. கமெண்டுக்குப் பதில் காலையில்.