மட்கு மட்டும் போதாது, இடமும் பார்க்க வேண்டும்

'மட்கு (மண்ணில் கலந்த மக்கிய இலைதழை) கூட்டினால் கடற்கரையில் எந்த மரமும் வரும்' என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இராமநாதபுரம் கரைக்கு இது பொருந்தாது.

காரங்காட்டு அலையாத்திச் சேற்றை ஒரு கை அள்ளிப் பாருங்கள்: கறுப்பு, அழுகிய முட்டை வாடை. அங்கே மட்குக்குக் குறைவில்லை. காற்றுப் புகாததால் இலைதழை முழுசாக மக்காமல் தேங்குகிறது. ஆனால் உப்பும் மூச்சுமுட்டலும் சேர்ந்து, அலையாத்தி மரம், உமரிச் செடி போன்ற சிலதை மட்டுமே வாழ விடுகின்றன. வேம்பு வைத்தால் வேர் அழுகும்.

தனுஷ்கோடி மணலில் நேர் எதிர். களிமண் இல்லை, வெயில் அதிகம். போடும் எரு சீக்கிரம் சிதைந்துபோகும், மிச்சம் மழையில் கீழே இறங்கிவிடும். இராவணன் மீசைப் புல்லும் அடம்புக் கொடியும் முதலில் மணலைப் பிடித்து நிறுத்தினால்தான் அவற்றின் சருகு தங்கி மேல்மண் லேசாகப் பழுப்பேறும். நடவுக்காக அவற்றைச் செதுக்கி எடுப்பது பெரிய தப்பு. மணல் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

மேட்டு மணலில் மரம் வைக்க ஒன்றரை அடிக் குழி, எடுத்த மணலோடு கால் பங்கு மக்கிய எரு, உப்பில்லாத கண்மாய் வண்டல் கொஞ்சம். வண்டலின் களிதான் மட்கைப் பிடித்து வைக்கும். மேலே பனையோலை மூடாக்கு அவசியம். திறந்து கிடந்தால் ஈரம் ஆவியாகி, அடியிலுள்ள உப்பு மேலேறி வெள்ளையாகப் பூக்கும். நடுவதற்கு முன்பே மண்ணை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். செறிவுற்ற மண்சாற்றின் (நீரில் நன்றாக ஊறிய மண்ணிலிருந்து எடுத்த சாறு) மின்கடத்துதிறன், அதாவது உப்பின் அளவைக் காட்டும் எண், மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் அது உவர்நிலம். அங்கே எரு மூட்டையைக் கூட்டுவதைவிட, உப்பு தாங்கும் கன்றைத் தேடுவதே சரி.